ஏட்டுச் சுரைக்காய்க்கு எடை போடுகிறவர்களுக்கு

பெறுநர்: அரசுத் துறைகளில் மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கிற, திறக்கிற, கையெழுத்திட்டுப் பணம் விடுவிக்கிற அலுவலர்கள் அனைவரும்.

பொருள்: எஸ்.ஆர்.எஸ். (மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆவணம்), பயனர் கையேடு, இன்னபிற ஆவணங்களைப் பக்கக் கணக்கில் வாங்குதல் – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எதுவும் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பார்வையில் அரசாணை எண்ணோ கடித நாளோ இல்லாத மடல் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். “கோப்பில் சேர்க்கவும்” என்று பச்சை மையில் ஒரு வரி, அதோடு முடிந்தது. அதனால்தான் தபாலில் போடாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகள் மென்பொருளுக்குக் கையேடு எழுதிப் பிழைத்தவன். சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. விசிட்டிங் கார்டில் ‘டெக்னிக்கல் ரைட்டர்’ என்று இருக்கும். யாராவது கேட்டால் அம்மா, “கம்ப்யூட்டருக்கு கைடு எழுதுறான்” என்பார். எழுதியதில் பாதிக்கு மேல் அரசு வேலை. ஆக, என் சரக்கை உங்களில் சிலர் வாங்கியிருக்கிறீர்கள். வாங்கினீர்களே தவிர, படிக்கவில்லை. அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

ஒரு மாநிலத்தில் மீனவர்களுக்கான திட்டம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கையேடு எழுதியிருந்தோம். அடுத்த ஆண்டு நெசவாளர்களுக்கான வேறொரு திட்டம் வந்தது. திரைகள் ஏறக்குறைய அதேதான். ஒன்பது நாளில் 340 பக்கம் தர வேண்டும் என்றார் மேலாளர். நானும் பழைய கோப்பைத் திறந்து, மீனவரை நெசவாளர் ஆக்கினேன், படகைப் பட்டறை ஆக்கினேன், கடைசியில் வலையைத் தறி ஆக்கினேன். அதாவது ‘நெட்’ என்று வரும் இடமெல்லாம் ‘லூம்’ என்று மாற்றச் சொல்லி ஒரே பொத்தானை அழுத்தினேன். மணி இரவு பதினொன்றரை. கேன்டீனில் மிச்சமிருந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

‘இன்டர்நெட்’ எல்லாம் ‘இன்டர்லூம்’ ஆகியிருந்தது. பிடித்தம் போக வரவேண்டிய ‘நெட் அமௌண்ட்’, ‘லூம் அமௌண்ட்’ ஆகியிருந்தது. முன்னுரையில் ‘கேபினெட் ஒப்புதல் பெற்ற இத்திட்டம்’ என்ற பொருளில் இருந்த வாக்கியத்தில் ‘கேபிலூம்’ ஒப்புதல் வழங்கியிருந்தது. இதைக் கெட்டி அட்டை போட்டு மூன்று பிரதி, கூடவே ஒரு குறுந்தகடு, ஒப்படைத்தோம். மூன்று அலுவலர்கள் கையெழுத்திட்டு வட்ட முத்திரை வைத்தார்கள். அந்த மைல்ஸ்டோனுக்கான, அதாவது அந்தக் கட்டத்துக்கான, பத்து சதவீதம் ஒன்றரை மாதத்தில் வந்தது. ‘கேபிலூம்’ என்றால் என்ன என்று இன்றுவரை ஒரு போன் வரவில்லை.

ரொம்ப நாள் இதை நினைத்துக் கூசியிருக்கிறேன். அப்புறம்தான் புரிந்தது, அதனால் ஒருவருக்கும் ஒரு பாதகமும் இல்லை என்று. அந்தப் புத்தகம் படிப்பதற்காக வாங்கப்பட்டதே இல்லை. பில்லோடு சேர்த்துக் குத்துகிற சீட்டு அது. கொஞ்சம் தடிமனான சீட்டு.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பாலம் கட்டினால் டேப் பிடித்து அளக்கலாம். கம்பி எத்தனை எம்.எம். என்று பார்க்கலாம், எம்-புக் என்ற அளவைப் பதிவேட்டில் எழுதிப் பணம் தரலாம். மென்பொருளில் எதை அளப்பது? தணிக்கையில் கேட்டால் எதைக் காட்டுவது? காகிதத்தைத்தான் காட்ட முடியும். அதனால் ஆர்.எஃப்.பி. எனும் ஒப்பந்தப்புள்ளி அழைப்பில் ஒரு பட்டியல் போடுகிறீர்கள்: எஸ்.ஆர்.எஸ்., மேல்நிலை வடிவமைப்பு, கீழ்நிலை வடிவமைப்பு, டெஸ்ட் கேஸ், பயனர் கையேடு, பயிற்சிக் கையேடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாம்தான் அதைக் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்குகிறோம்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த வேலை அது. சாரம் எளிது. எது நல்ல கார், எது ஓட்டை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்க வரமாட்டார்கள். மிஞ்சுவது ஓட்டைதான். கையேட்டுச் சந்தை அச்சாக இதுவே. ஆறு மாதம் களத்தில் உட்கார்ந்து எழுதிய 90 பக்கத்துக்கும், நான் ஒன்பது நாளில் தறி நெய்த 340 பக்கத்துக்கும் நீங்கள் தருவது ஒரே பத்து சதவீதம். எந்த நிறுவனம் ஆறு மாதம் ஆளை உட்கார வைக்கும்? எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலையில் ஒப்பந்தம் எடுத்தவர் முதலில் கை வைக்கும் இடமே அதுதான். தொழில்நுட்ப மதிப்பெண் என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள், சரி. அதில் பெரும்பகுதி நிறுவனத்தின் ஆண்டு வரவுக்கும், சி.எம்.எம்.ஐ. லெவல் 5 என்ற தரச் சான்றுக்கும், எத்தனை பேரின் பயோடேட்டா இணைத்திருக்கிறார்கள் என்பதற்கும் போய்விடுகிறது.

பயோடேட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு ஒப்பந்தத்தில் என்னை ‘ஆவண நிபுணர், 12 ஆண்டு அனுபவம், மாதம் ஒன்றே கால் லட்சம்’ என்று காட்டியிருந்தார்கள். அப்போது எனக்கு அனுபவம் ஐந்து ஆண்டு. கைக்கு வந்தது 31,000. அந்த வேலையைச் செய்தது நானும் இல்லை. கல்லூரி முடித்து நாலு மாதமாக பெஞ்சில், அதாவது வேலை ஒதுக்கப்படாமல், இருந்த ஒரு பெண். ஐ.டி. துறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்பது எத்தனையோ ஆண்டுகளாக அசையாமல் நிற்கிற சம்பளம் என்று ஊருக்கே தெரியும். அந்தச் சம்பளத்தில் இருக்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்தான், அரசு அலுவலகத்துக்குள் ஒருநாளும் காலே வைக்காமல், உங்கள் நடைமுறைகளை உங்களுக்கு விளக்கி எழுதினாள். பாவம், ‘பசலி’ என்றால் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு அது) வாடிக்கையாளரின் பெயரா என்று என்னிடம் கேட்டாள்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். நல்ல ஆவணம் வேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறவர் இந்தச் சங்கிலியில் யார்?

நிறுவனத்துக்கு வேண்டாம். எல்லாவற்றையும் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த டெண்டரில் வேறொருவர் துணிந்து குறைந்த விலை கேட்பார். எழுதாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வேலி. வேலையாளுக்கு வேண்டாம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவர், தனக்கு மட்டும் தெரிந்ததை எல்லாம் எழுதி வைத்தால் பன்னிரண்டாவது மாதம் அவர் எதற்கு? கோபிக்காதீர்கள், உங்களுக்கும் வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டில் மாறுதல் வந்துவிடும். அதற்குள் தணிக்கைக் குறிப்பு வராமல் இருந்தால் போதும். அதற்குக் கையெழுத்திட்ட பிரதி பீரோவில் இருந்தால் போதும். ஆக மூன்று பேரும் தத்தம் அளவில் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறோம். கூட்டிப் பார்த்தால் ‘இன்டர்லூம்’ வருகிறது.

நிறுவனம் மாறும்போது ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரு சடங்கு நடக்கும். எங்கள் வட்டாரத்தில் சுருக்கமாகக் கே.டி. காவல் நிலையத்தில் அந்த இரண்டு எழுத்துக்கு வேறு பொருள் உண்டு, சில கே.டி. கூட்டங்களில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பொருள்தான் பொருத்தம் என்று பட்டது. போகிறவர் பவர்பாயின்ட் ஓட்டுவார். வருகிறவர் தலையாட்டுவார். இரண்டு பக்கமும் வருகைப் பதிவில் கையெழுத்து. அதன்பின் புதிய நிறுவனம் ‘ஆஸ்-ஈஸ் ஸ்டடி’ என்று தொடங்கி மூன்று மாதத்துக்கு பில் போடும். தற்போது என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆய்வு அது. ஐயா, உங்கள் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல நீங்களே வெளியாளுக்குக் கூலி கொடுக்கிறீர்கள், அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை.

நிஜமான ஆவணம் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஒரு மாவட்டத்தில், ஒரு அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்), கையேட்டைப் ‘புதுப்பிக்க’ என்னை அனுப்பினார்கள். அங்கே கணினியில் பதிவு செய்கிற அக்கா ஒருவர். அவுட்சோர்சிங் ஏஜென்சி மூலம் வந்தவர், ஒன்பது ஆண்டாக அதே நாற்காலி. என் கையேடு அவருடைய மானிட்டருக்கு அடியில், உயரத்துக்காக வைக்கப்பட்டிருந்தது. “நல்ல கனமான புக்கு தம்பி” என்றார், பாராட்டாகவே. மேசை இழுப்பறையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்துத்தான் அந்த அலுவலகமே ஓடிக்கொண்டிருந்தது.

அதில் இருந்த சில வரிகளை என் டைரியில் எழுதிக்கொண்டேன்:

“ஆதார் நம்பர் போட்டதும் டேப் அடிக்காதே. மவுசால் அடுத்த கட்டத்தைத் தொடு. டேப் அடித்தால் முதலிலிருந்து.”

“மாதக் கடைசி மூன்று நாள் மதியம் ரிப்போர்ட் எடுக்காதே, சுத்திக்கொண்டே இருக்கும். காலை எட்டரைக்கு வா.”

“பெயரில் ஸ்ரீ இருந்தால் தேடினால் வராது. ஸ்ரீயை விட்டுவிட்டு மீதியைப் போட்டுத் தேடு.”

“இறந்தவர் பெயரை நீக்கும் முன் வாரிசு மனுவைப் பதிவு செய். முதலில் நீக்கினால் குடும்பமே காணாமல் போகும்.”

மூன்றாவது வரி என்னை ஆட்டிவிட்டது. கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக உள்ளிடலாம். ‘ஸ’வில் தொடங்கி ஒன்று, 2005-ல் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கி இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள். ஒரு கீபோர்டில் பதிந்த ஸ்ரீதரை இன்னொரு கீபோர்டிலிருந்து தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். அது ஏன் என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. ஆனால் நடக்கிறது என்று தெரியும், தப்பிக்கும் வழியும் தெரியும். ஏன் என்று தெரிந்த நானோ, அப்படி நடக்கிறது என்பதையே அறியாமல் 340 பக்கம் எழுதியிருந்தேன்.

அடுத்த ஆண்டு ஏஜென்சிக்கான டெண்டர் மாறியது. புதிய ஏஜென்சி எல்-1. பழைய ஆட்களை எடுக்கவில்லை. அக்கா போனார், நோட்டும் அவரோடு போனது. அது அவர் காசு போட்டு வாங்கிய நோட்டு. அரசு சொத்துப் பட்டியலில் இல்லை. நான்காவது வரியை அறியாத புதியவர்கள் எத்தனை குடும்பத்தைக் காணாமல் ஆக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான்கு மாதம் கழித்து, ‘வாரிசு விண்ணப்பங்களில் தரவுப் பிழை – சீர்செய்தல்’ என்ற பெயரில் ஒரு கூடுதல் பணி ஆணை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது மட்டும் தெரியும். அக்காவுக்கு மாதம் 11,000. அந்த ஒரு ஆணையின் தொகையில் அவரை நாற்காலி தேயும் வரை வைத்திருந்திருக்கலாம்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கனடா அரசு நாற்பது ஆண்டுப் பழைய சம்பளக் கணக்கு முறையை மாற்ற ‘ஃபீனிக்ஸ்’ என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த மிச்சம் எங்கிருந்து வரும்? ஆட்களிடமிருந்துதான். 46 துறைகளில் இருந்த சுமார் 1,200 சம்பளக் கணக்கு ஆலோசகர் பணியிடங்களை நீக்கிவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிராமிச்சி என்ற சின்ன ஊரில் சுமார் 550 பேர் கொண்ட மையம் ஒன்றை வைத்தார்கள். அந்த அரசில் சம்பளம் தொடர்பான விதிகள் மட்டும் 80,000-க்கு மேல். அதில் எந்த விதி எந்தத் துறையில் எப்படி நடைமுறைக்கு வரும் என்பது அந்த 1,200 பேரின் தலைக்குள் இருந்தது. பெரும்பாலோர் மிராமிச்சிக்குப் போகவில்லை. 2016 பிப்ரவரியில் மென்பொருளை ஓடவிட்டார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்குக் குறைந்தது. ஊழியர்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு விதத்தில் அடிபட்டார்கள். 2018-ல் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன், புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று அறிக்கை தந்தார். மிச்சம் பிடிக்கப் போனவர்களுக்கு ஆன செலவு 200 கோடி டாலரைத் தாண்டியது.

நம் நாட்டிலும் ஒரு காட்சி நினைவிருக்கும். 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறையின் புதிய தளம் வந்தது. அதற்கான திட்டத்துக்கு 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகை ஏறத்தாழ 4,242 கோடி ரூபாய். தளம் வருமுன் வந்த அறிவிப்பில், விரிவான கேள்வி-பதில் உண்டு, பயனர் கையேடுகள் உண்டு, காணொளிகள் உண்டு, சாட்பாட் உண்டு என்று வரிசையாக இருந்தது. எல்லாம் இருந்தன, உள்ளே நுழைவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆகஸ்டில் அதைக் கட்டிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியையே நிதி அமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. அந்தக் கையேடுகளை எழுதிய சக தொழிலாளி யாரோ, அவரை நினைத்துக்கொண்டேன். திறக்காத கதவுக்குச் சாவி போடும் முறையைப் படம் படமாக வரைந்து கொடுத்திருப்பார்.

1985-ல் டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவுர் எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஒரு நிரல் ஏன் இப்படி இருக்கிறது, மாற்றம் வந்தால் எங்கே தொட வேண்டும் என்கிற புரிதல் அதைக் கட்டியவர்களிடம்தான் வாழ்கிறது. அந்தக் குழு கலைந்தால் நிரலும் செத்ததற்குச் சமம். ஆவணத்தை வைத்து அதை உயிர்ப்பிக்க முடியாது என்றார். எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. அக்காவின் நோட்டு ஒன்று கிடைத்தால் பாதி உயிராவது வரும் என்பது என் எண்ணம். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கும் ரகத்தில் அது இல்லை என்பதில் அவர் சொல்வதுதான் சரி.

உபயோகமான ஆவணம் இருந்தும் அதைக் காட்டாமல் மறைத்த கதையும் உண்டு. பிரிட்டனில் அஞ்சலகக் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள். கணக்கில் பணம் குறைகிறது என்று 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். வீட்டை விற்றவர்கள், சிறைக்குப் போனவர்கள் உண்டு. தவறு மென்பொருளில் இருந்தது. தெரிந்த பிழைகளை எல்லாம் அதைப் பராமரித்தவர்கள் ஒரு பதிவேட்டில் குறித்தே வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேடு நீதிமன்றத்தில் வெளியே வந்த பிறகுதான் 2019-ல் வழக்கு திரும்பியது. எத்தனை ஆயிரம் பக்கக் கையேடு அந்த மென்பொருளுக்கு இருந்திருக்கும்! நிரபராதியைக் காப்பாற்றக்கூடிய பக்கங்கள் இருந்த ஒரே நோட்டு அதுதான்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. வருவாய்த் துறையில் நீங்களே ஒன்று வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் தாத்தா, “ஊரே கர்ணம் வீட்டு மரப்பெட்டிக்குள்ளதான் இருக்கு” என்பார். யார் நிலம் எங்கே, எந்த வாய்க்கால் யாருக்கு, எல்லாம் ஊர்க் கணக்கரான கர்ணத்துக்குத்தான் தெரியும். அப்பனுக்குப் பின் மகன். இன்றைய பாஷையில் சொன்னால் ‘வெண்டர் லாக்-இன்’, ஒரே ஆளிடம் மாட்டிக்கொள்வது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982-ல் அதை ஏற்றது. பரீட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். கர்ணத்தோடு நிறையப் போயிருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் வண்டி ஓடியது. கிராமக் கணக்கு என்பது எண் போட்டு வைத்த இருபத்து நாலு பதிவேடு. எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல் என்றால் கணக்கு எண் 2, எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அதேதான். ஊர் மாறிப் போகிற வி.ஏ.ஓ. முதல் நாளே அதைத் திறந்து படித்துவிடுவார்.

அதைவிட முக்கியம், ஜமாபந்தி. பசலி ஆண்டு முடிவதை ஒட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் பந்தல் போட்டு, கலெக்டரோ கோட்டாட்சியரோ உட்கார்ந்து, ஒவ்வொரு கிராமத்தின் கணக்கையும் விரித்துப் பார்க்கிறார்கள். நில அளவைச் சங்கிலியைக் கூட எடுத்து வைத்துச் சரிபார்க்கிற வழக்கம் உண்டு. பட்டாவில் பெயர் தப்பு என்று மனுவோடு வந்த ஆள் எதிரிலேயே நிற்கிறார். வீட்டிலிருந்தே எழுதுகிற அடங்கல் பற்றி எனக்கும் தெரியும், நெல் போட்ட வயலில் வாழை என்று பதிந்த கூத்தும் தெரியும். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாளாவது அந்த ஏட்டை யாரோ திறப்பார்கள் என்ற பயம் எழுதுகிறவருக்கு இருக்கிறது. எனக்கு அந்தப் பயம் பதினான்கு ஆண்டில் ஒரு நாளும் வந்ததில்லை.

மென்பொருளுக்கும் ஒரு ஜமாபந்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை போதும். அந்த மென்பொருளை முன்பின் பார்த்திராத, பாலிடெக்னிக் முடித்த இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். ஒரு காலிக் கணினி, மூல நிரல், ஆவணம், மூன்று நாள். அதைப் படித்து அவர்களாகவே மென்பொருளை நிறுவி ஓட்ட முடிந்தால் நிறுவனத்துக்குப் பணம் கொடுங்கள். முடியவில்லையா, அது எத்தனை பக்கமாக இருந்தாலும் சுண்டல் மடிக்கக் கொடுத்துவிடுங்கள். அதே பந்தலில் இன்னொரு மேசை போட்டு, ஆபரேட்டர்களை அவரவர் நோட்டோடு வரச் சொல்லுங்கள். கையேட்டில் இல்லாத எது அவர்கள் நோட்டில் இருக்கிறதோ, அதற்கெல்லாம் நிறுவனம் பதில் சொல்லட்டும். தெரிந்த பிழைகளின் பட்டியல் தமிழில், தளத்தின் முகப்பிலேயே இருக்கட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, பேருந்தில் ‘இந்த ஜன்னல் திறக்காது’ என்று எழுதி ஒட்டுவதில்லையா?

ஏஜென்சி மாறினாலும் ஆள் மாறக்கூடாது என்று ஒரு ஷரத்து சேருங்கள். ஒவ்வொரு பெரிய மென்பொருளுக்கும் நிரலைத் திறந்து படிக்கத் தெரிந்த இரண்டு பேரையாவது துறையின் சொந்தச் சம்பளத்தில் வையுங்கள். பணியிடம் உருவாக்க நிதித்துறை ஒப்பாது என்பீர்கள். வெளியாளுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ‘ஆஸ்-ஈஸ்’ பில் தரும்போது மட்டும் அது எப்படி ஒப்புகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து வைக்க மத்திய அரசு 2015-லேயே கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதைத் தூசி தட்டினால் நாலு கல்லூரி மாணவர்களாவது படித்துப் பார்த்துப் பிழை சொல்வார்கள்.

கையேடு எழுதுகிறவனே கையேட்டை வாங்காதே என்கிறானே என்று தோன்றலாம். என் பிழைப்பில் ஏற்கெனவே மண் விழுந்துவிட்டது. எனக்கு ஒன்பது நாள் பிடித்த 340 பக்கத்தைச் செயற்கை நுண்ணறிவு இப்போது டீ ஆறுவதற்குள் எழுதித் தருகிறது. ‘கேபிலூம்’ மாதிரி அசட்டுத் தவறுகூட இருக்காது. வழவழவென்று, உட்தலைப்பு எல்லாம் போட்டு, நம்பும்படி இருக்கும். அந்த அக்காவின் நோட்டைப் பார்த்திராதது என்ற ஒரு குறை மட்டும் அதற்கும் உண்டு, என்னைப் போலவே. இனியும் நீங்கள் பக்கத்துக்குப் பணம் தருவீர்கள் என்றால், எங்கள் பழைய மேலாளர் ஆயிரம் பக்கம் தரவும் தயாராக இருக்கிறார். போன வாரம்தான் பேசினேன்.

இதை எழுதத் தொடங்கும் முன் அந்த அக்காவையும் தேடிப் பிடித்தேன். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். அந்த நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

“பரண் மேல கெடக்கு தம்பி. வேணும்னா வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. ஆனா ஜெராக்ஸ் எடுத்துட்டுத் திருப்பித் தந்துடணும். பின்பக்கம் பூரா என் சீட்டுக் கணக்கு இருக்கு.”

முகவரி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
‘இன்டர்லூம்’ எழுதியவன்